முதலில் காபியா, முதலில் சாறா?

காலையில் கேரட், பீட்ரூட், நெல்லிக்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கிய மயிலாப்பூர் நண்பர்கள் பலருக்கு, ஃபில்டர் காபியை அதற்கு முன்பு வைத்துக்கொள்வதா, பின்பா என்பதே ஐயம். காபியை அடியோடு விடுவது நம் ஊரில் பேச்சளவில்தான். திடீரென விட்டால் ஓரிரு நாளில் தலைவலியும் வரும்.

இரும்புச்சத்து: காபியிலுள்ள பாலிஃபீனால்கள் கீரை, காய்களின் இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன, நெல்லிக்காயின் வைட்டமின் சி அதைக் கூட்டுகிறது. உணவுக்கு 1 மணி நேரம் முன்பு குடித்த காபி தடையாவதில்லை என்றும், 1 மணி நேரம் கழித்துக் குடித்தது தடையாகிறது என்றும் ஆய்வில் தெரியவந்திருப்பதால், இதில் காபியே முந்துகிறது.

வயிறு: வெறும் வயிற்றுக் காபி சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும், நெல்லிக்காயின் புளிப்பும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

வேலை: இரவே இறக்கிய டிகாக்‌ஷன் இருந்தால் காபி 5 நிமிடம், சாற்றுக்கு நறுக்கவும் அரைக்கவும் மிக்சி கழுவவும் வேண்டும். பிழிந்த சாறு சென்னை வெயிலில் நெடுநேரம் தாங்காது.

இரத்தசோகை உள்ளவர்கள் 6 மணிக்குக் காபி, 7 மணிக்குச் சாறு என்று வைத்துக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் நெல்லிக்காய் சேர்க்காத சாற்றில் தொடங்கி, சிற்றுண்டி முடித்து, காபியை 11 மணிக்குத் தள்ளிவைப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் எந்த வரிசையிலும் சாற்றை வடிகட்டாமல், அளவாகவே குடிக்க வேண்டும்.