மரம், மணி, குண்டு: அரை நாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ராக் பீச், ஆரோவில், சில்வர் பீச் எல்லாம் சுற்றிவிட்டு, "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். பாண்டி, கடலூர் பக்கம் என் கையில் மூன்று இடங்கள் உண்டு: திருவக்கரை, அரிக்கமேடு, தேவனாம்பட்டினம் கோட்டை.

பிள்ளைகளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், திருவக்கரைதான். பாண்டியிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. செம்மண் மேட்டில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. பட்டையின் வரி, நடுவில் வளையம், பக்கவாட்டில் கணு என்று எல்லாம் அச்சு அசல் மரம். தொட்டால் சில்லென்று கல்! வயது சுமார் 2 கோடி ஆண்டு. மணலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது. ஒன்றிலும் கிளை, வேர் கிடையாது. அதனால்தான் வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்தது என்கிறார்கள். அந்த மணல் இறுகி உருவான பாறைக்கு நிலவியலில் வைத்திருக்கும் பெயர் கடலூர் மணற்பாறை. நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கே இது தெரியாது.

பண்டைக்காலத்தில் ரோமானியரோடு வணிகம் நடந்த துறைமுகமான அரிக்கமேடு நேர் எதிர். அரியாங்குப்பம் ஆற்றோரம் மா, தென்னை. நடுவே ஓர் இடிந்த செங்கல் சுவர். அதை ரோமானியர் கட்டியது என்று நம்பிப் படம் எடுப்பவர்கள் நிறைய. உண்மையில் அது 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடம். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்த இத்தாலிய மண்பாண்டம், மது ஜாடி எல்லாம் மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த ஊர் இது. ஆகவே முதலில் புதுவை அருங்காட்சியகத்தில் ஜாடியையும் மணிகளையும் பார்த்துவிட்டு அப்புறம் இங்கே வாருங்கள். வரிசையை மாற்றினால், "இதுக்கா கூட்டிட்டு வந்தே?" என்று மச்சான் என்னைக் கேட்டதுபோல் உங்களையும் கேட்பார்கள். தனியாகப் போவதானால் எனக்குப் பிடித்தது இதுதான்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பார்க்க மிச்சம் ரொம்பக் குறைவு. 1690இல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார். ஆனால் கதை பிரமாதம். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கோட்டையோடு சேர்ந்தவை என்று எல்லை போட்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு பயணம் வேண்டாம். சில்வர் பீச் போகும்போது எட்டிப் பார்த்தால் போதும்.

திருவக்கரைக்குப் பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள். வக்ரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்மரத்தில் கை வைக்க முடியாது.