பழைய மாஸி பெர்குசன் 1035: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையின் டாஃபே நிறுவனம் தயாரித்த பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரைப் பல ஆண்டுகளாக எங்கள் செம்மண் மானாவாரி நிலத்தில் ஓட்டிவருகிறேன். 50 குதிரைத்திறன் வண்டிகள் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளிலும், நிலக்கடலை உழவுக்கு நான் விரும்பி எடுப்பது இதைத்தான். பாசத்தைவிட, எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கியிறக்கும் இதன் ஹைட்ராலிக் அமைப்பே அதற்கு முதற்காரணம்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய ஏற்பாடு அது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டும்போது, அதை டிராக்டரோடு மேற்புறத்தில் இணைக்கும் தண்டான டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தப்பட்டு, இருக்கைக்குக் கீழுள்ள கட்டுப்பாட்டுச் சுருள்வில்லை நெருக்குகிறது. உடனே ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பையைச் சற்றே உயர்த்துவதால், அதன் பாரம் பின்சக்கரங்களின் மேல் ஏறி, எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் இழுக்கிறது. இதற்கு எந்த மின்னணுக் கருவியும் தேவையில்லை. மழைக்குப் பின் ஈரம் சீராக இல்லாத வயலில் லீவரைத் தொடாமலே சால் நேராகப் போவதைப் பார்க்கும்போது, அந்தச் சிந்தனையின் மீது எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

சிம்ப்சன் நிறுவனத் தயாரிப்பான மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினும் அப்படியே, மின்னணு இல்லாத எளிய அமைப்பு. டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு வயலிலேயே சரிசெய்துவிடலாம். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன; காற்றுக்கு அது நல்லதே. ஆனால் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட எஞ்சினில் கோளாறு வந்தால் அதைக் கண்டறியும் கருவியோடு ஆள் வரும்வரை உழவு நிற்கும், மண்ணின் பதமோ காத்திராது.

குறைகளும் உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் வரப்போரம் திருப்பித் திருப்பி ஓட்டும் நாளில் தோள்பட்டை வலிக்கும். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல்கலப்பையான ரோட்டவேட்டரில் அகலமானதைக் களிமண்ணில் சுழற்ற இதன் திறன் போதாது. ஆகவே நெல் வயலின் சேற்றுழவுக்குப் பெரிய வண்டியைத்தான் வாடகைக்கு அழைக்கிறேன்.

பழைய வண்டி வாங்க நினைப்போர், கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு விரைவாகக் கீழிறங்குகிறது என்று பாருங்கள்; சட்டென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவோ தேய்மானமோ இருக்கலாம். கியர்ப்பெட்டி எண்ணெய் பால்நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இவ்வண்டியின் ஹைட்ராலிக் பம்பு அதே எண்ணெயில்தான் இயங்குகிறது என்பதால், அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.