ஆபீஸ்ல வசதி கேக்க எது சரி: சாட்டா, போர்ட்டலா, மெயிலா?

எனக்கு பார்வை குறைவு, பாதி வேலை ஸ்கிரீன் ரீடர்லதான் (ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்தை குரல்ல படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) ஓடுது. வேலையில நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மீட்டிங்ல காட்டப்போற ஸ்லைடை முன்னாடியே ஃபைலா அனுப்பிடுங்கன்னு. ஸ்கிரீன் ஷேர்ல வர்றது வெறும் வீடியோ படம், அதுல இருக்கிற எழுத்தை ஸ்கிரீன் ரீடர் எடுத்துப் படிக்காது, ஃபைலா கையில இருந்தா படிச்சிடும். இதைக் கேக்க மூணு வழியும் போய்ப் பாத்துட்டேன், இப்போ மெயில்தான் என் கட்சி.

சாட் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம். மேனேஜர்கிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல "கண்டிப்பா பண்ணிடலாம்"னு வரும், மனசார சொல்றதுதான், ஆனா அடுத்த வாரமே அது மத்த மெசேஜுக்கு அடியில போயிடும்.

போர்ட்டல்ல, அதாவது கோரிக்கையை ஃபார்ம்ல நிரப்பிப் போடுற ஆபீஸ் வெப்சைட்டுல, நல்லது இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நம்ம கோரிக்கைக்கு ஒரு டிக்கெட் நம்பர் தருது, தேதி விழுது, நேரா ஹெச்ஆருக்குப் போறதால நம்ம மெடிக்கல் விவரம் டீம்ல யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனா நான் நிரப்பின ஃபார்ம்ல ஒவ்வொரு கட்டத்துலயும் நின்னா "எடிட், பிளாங்க்"னு மட்டும்தான் கேக்குது, எந்த கட்டம் எதுக்குன்னு லேபிளே கிடையாது. தடவித் தடவி முடிக்கிறதுக்குள்ள செஷன் முடிஞ்சு எல்லாம் அழிஞ்சு போச்சு. நேரம் முடியப்போகுதுன்னு எச்சரிச்சு, நீட்டிக்க குறைஞ்சது 20 செகண்டாவது தரணும்னு வெப் அணுகல் விதிகள்லயே இருக்கு. வசதி கேக்குற ஃபார்மே இப்படி இருந்தா மனசு விட்டுப் போகுதுங்க. நான் பாத்தது ரெண்டே போர்ட்டல்தான், நல்லா செஞ்சதும் இருக்கலாம்.

ஆனா நான் மெயில் பக்கம் சாஞ்சதுக்கு காரணம் ஃபார்ம் இல்ல, பதிவு. யாரு, என்னைக்கு, என்ன கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சு, இது நாலும் நம்ம கையில இருக்கணும். ஏன்னா இந்த மாதிரி வசதி ஒரு தடவை வாங்கி முடியிற பொருள் இல்ல, மேனேஜர் மாறுவாங்க, டீம் மாறும், சாஃப்ட்வேர் மாறும், ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொல்ல யாருக்கு தெம்பு இருக்கு? எனக்கு மேனேஜர் மாறினப்போ போர்ட்டல் டிக்கெட் "முடிந்தது"ன்னு மூடிக் கிடந்துச்சு, உள்ள நான் என்ன எழுதினேன்னு எனக்கே திறக்கல. பழைய மெயிலை, அதுக்கு வந்த சம்மதத்தோட, புது மேனேஜருக்கு ஃபார்வர்டு பண்ணேன், அடுத்த மீட்டிங்குக்கே ஸ்லைடு வந்துடுச்சு.

மெயில்ல நோயோட வரலாறு வேண்டாம். எந்த வேலையில எங்க தடைபடுது, எது கிடைச்சா சரியாகும், எந்த தேதிக்குள்ள பதில் வேணும், அவ்வளவு போதும். சப்ஜெக்ட்ல "ரீசனபிள் அக்காமடேஷன் கோரிக்கை"ன்னு அப்படியே போடுங்க, மாற்றுத்திறனாளிக்கு செஞ்சு தர வேண்டிய நியாயமான ஏற்பாடுன்னு அர்த்தம். 2006ல வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில இருக்கிற வார்த்தை அது, அதை மறுக்கிறதே பாகுபாடுதான்னு அதுல தெளிவா இருக்கு. ஹெச்ஆர்ல இருக்கிறவங்களுக்கு அந்த வார்த்தையோட எடை தெரியும்.

எழுத வரலைன்னா ஏஐ கிட்ட டிராஃப்ட் வாங்கலாம், நானும் வாங்கினேன். ஆனா கேக்காத அனுதாபத்தை எல்லாம் சேத்து பக்கம் பக்கமா தந்துச்சு, வெட்டி வெட்டி ஆறு வரியில கொண்டு வந்தேன். அது சொல்ற சட்டப் பிரிவு நம்பரை சரிபாக்காம அனுப்பாதீங்க, இல்லாத பிரிவையும் தைரியமா எழுதும். மெடிக்கல் ரிப்போர்ட்டை அதுல ஏத்தவே வேண்டாம்.

போர்ட்டல் கட்டாயம்னு சொல்ற ஆபீஸா இருந்தா அதுலயே போடுங்க, போட்ட கையோட டிக்கெட் நம்பரை சப்ஜெக்ட்ல வெச்சு அதே விஷயத்தை ஹெச்ஆருக்கு மெயிலாவும் தட்டிவிட்டுடுங்க.