ஃபார்ம் அனுப்புவதா, கடையில் போய் உட்காருவதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த மளிகைக் கடைகளுக்கு பில் போடும் ஆப் செய்பவர்களுக்கு, அதைப் பயன்படுத்துவோரின் சிக்கலை எப்படித் தெரிந்துகொள்வது என்று வரும் குழப்பம் இது.

செலவு: கூகுள் ஃபார்ம் இலவசம். கடைக்குப் போனால் ஆளுக்கு அரை நாள். ஆனால் 5 பேர் பயன்படுத்துவதைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல் தெரிந்துவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார்.

கிடைப்பது: ஃபார்மில் "நல்லா இருக்குங்க" வரும், அவ்வளவுதான். நேரில் பார்த்தால், மஞ்சள்தூள் ஒட்டிய விரலுக்குத் திரை சரியாக வேலை செய்யாததும், கீபோர்டு எழும்போது 'சேமி' பொத்தான் மறைவதும், கணக்குப்பிள்ளை அலுத்துப்போய்த் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வதும் தெரியும். குறுக்கே சொல்லிக்கொடுக்காதீர்கள்; சொன்னால் அந்தத் தடுமாற்றம் கண்ணில் படாது.

எண்ணிக்கை: எத்தனை பேரிடம் பழைய ஆண்ட்ராய்டு என்பதற்கு ஃபார்ம்தான்.

ஆப்பின் புதுத் திரையை வரையும் முன் கடை. வெளியிட்ட பின், அடுத்து எந்த வசதி என்று முடிவெடுக்க ஃபார்ம்.