ஜூடி சில், லைவ் இன் லண்டன்: பேட்டிக்காக வாங்கின சிடி

மொதல்லயே குறையைச் சொல்லிடறேன். அமெரிக்கப் பாடகி ஜூடி சில்லோட இந்த சிடில ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வரும். பிபிசில 1972லயும் 1973லயும் வேற வேற நாள்ல பதிவு பண்ணதையெல்லாம் ஒண்ணா சேர்த்து 2007ல வாட்டர் ரெக்கார்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி வெளியிட்டது இது, அதனால 'ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்' முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதே பாட்டு வந்து நிக்கும், 'லேடி ஓ'வும் அப்படியே. காசு குடுத்து வாங்கறவனுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான். சவுண்டும் பழைய ரேடியோ சவுண்டு, ஸ்டுடியோ ஆல்பம் மாதிரி பளபளன்னு இருக்காது.

ஆனா நான் வாங்கினது அதுல இருக்கற பேட்டிக்காக. பாட்டெல்லாம் ஏற்கனவே மனப்பாடம். இந்தம்மா பேசிக் கேட்கறதுதான் அபூர்வம்.

ஜூடி சில் யாருன்னு கேக்கறவங்களுக்கு வேகமா சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கதைல மாட்டிக்கிட்டா பாட்டு பக்கமே வர முடியாது. 1944ல கலிஃபோர்னியால பிறந்தவங்க, ஓக்லண்ட்ல அப்பா வெச்சிருந்த பார்லதான் பியானோ கத்துக்கிட்டாங்க, அப்பா சீக்கிரமே போயிட்டாரு, அம்மா லாஸ் ஏஞ்சலஸ் வந்து ரெண்டாவதா கல்யாணம் பண்ணது கென்னத் மியூஸ்ங்கற ஆளை, டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூனுக்கு படம் வரைஞ்சவர், அந்த வீட்ல ஒத்துவரல, சின்ன வயசுலயே துப்பாக்கி காட்டி கொள்ளையடிக்கற கும்பல்ல சேர்ந்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போயி அங்க சர்ச் ஆர்கன் வாசிச்சாங்க, அப்புறம் ஹெராயின், போலி செக், ஜெயில், எல்லாத்துலேருந்தும் வெளிய வந்து பாட்டு எழுத ஆரம்பிச்சாங்க. 1971ல டேவிட் கெஃபன் அசைலம் ரெக்கார்ட்ஸ் ஆரம்பிச்சப்ப அந்த லேபிள்ல வந்த முதல் ஆல்பமே இவங்களோடதுதான். ஈகிள்ஸ், ஜாக்சன் பிரவுன் எல்லாம் அதுக்கப்புறம். 1973ல 'ஹார்ட் ஃபுட்'னு ரெண்டாவது ஆல்பம். ரெண்டும் விக்கல. 1979 நவம்பர்ல போதை மருந்து ஓவராகி செத்துப் போனாங்க, வயசு 35, அப்ப பத்திரிகைல ஒரு இரங்கல் செய்தி கூட வரல, கூடப் பழகின சில பேருக்கே ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சிருக்கு.

இவங்களைப் பத்தி யார் எழுதினாலும் இந்தக் கொள்ளை, ஹெராயின், சாவு மூணையும் வெச்சே முக்கால்வாசி ஓட்டிடுவாங்க. 2022ல வந்த டாகுமெண்டரி நல்ல படம்தான், உழைச்சு எடுத்திருக்காங்க, ஆனா அதைப் பார்த்துட்டு வெளிய வர்றப்பவும் மனசுல நிக்கறது 'ஐயோ பாவம்'தான். அந்த 'ஐயோ பாவம்' எனக்கு ஒத்துக்கல. இந்த சிடிய கேட்டப்புறம் சுத்தமா ஒத்துக்கல.

ஏன்னா பேசறது அப்படி ஒரு ஆள். பேட்டி எடுக்கறது பாப் ஹாரிஸ், பிபிசில ரொம்ப மெதுவா பேசறதுக்கே பேர் போனவர், விஸ்பரிங் பாப்னே கூப்பிடுவாங்க. (ஜூடியோட முன்னாள் கணவர் பேரும் பாப் ஹாரிஸ்தான், அவர் பியானோ வாசிக்கறவர், முதல் ஆல்பத்துல ஆர்கெஸ்ட்ரா எழுதினவங்கள்ல ஒருத்தர். ரெண்டு பேரும் வேற வேற, குழப்பிக்காதீங்க, எங்க செட்ல ஒருத்தன் ரெண்டு வருஷமா குழப்பிக்கிட்டு புருஷனே பேட்டி எடுத்தாருன்னு சொல்லிட்டு திரிஞ்சான்.) அந்த மெதுவான ஆளுக்கு முன்னாடியும் ஜூடிக்கு அவசரமே கிடையாது. நிறுத்தி நிறுத்தி, முகத்துல சிரிப்பே இல்லாம ஜோக் அடிக்கறவங்க குரல் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல். சில நிமிஷம்தான், பெரிய ரகசியம் எதுவும் உடையல, ரேடியோ பேட்டி அவ்வளவுதான். ஆனா அம்பது வருஷமா எல்லாரும் எழுதி வெச்ச அந்த உடைஞ்சு போன பொண்ணு அந்தக் குரல்ல இல்ல. தான் என்ன பண்றோம்னு நல்லா தெரிஞ்ச ஒரு தொழில்காரிதான் இருக்காங்க.

பாட்டுக்கு நடுவுல பேசறதும் அதே ரகம். 'ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்' பத்தி அவங்க மேடைல சொல்ற கதை ரசிகர்களுக்குத் தெரியும், ஒரு ஆள் கிட்ட காதல்ல அடி வாங்கி சாகற நிலைல இருந்தப்ப அந்தப் பாட்டை எழுதினாங்களாம், அந்த மோசமான பயலுக்கும் மீட்பு உண்டுன்னு அந்தப் பாட்டு எழுதறப்பதான் புரிஞ்சுதாம். (அந்த ஆள் ஜே. டி. சவுதர், ஈகிள்ஸுக்கு ஹிட் பாட்டெல்லாம் எழுதினவர், அவரும் அசைலம்லயே இருந்தாரு, பாவம் ரெண்டு பேரும் ஒரே கம்பெனி.) 'என்சான்டட் ஸ்கை மெஷின்ஸ்' பறக்கும் தட்டு வந்து நல்லவங்களை மட்டும் ஏத்திட்டுப் போற பாட்டு, அதை ஏதோ ஊருக்கு பஸ் எத்தனை மணிக்குங்கற மாதிரி சாதாரணமா விளக்குவாங்க. நம்பறாங்களா கிண்டல் பண்றாங்களான்னு கடைசி வரைக்கும் தெரியாது. ரெண்டும்தான்னு நான் நினைக்கறேன்.

சரி இசைக்கு வரேன். இதுல ஜூடி மட்டும்தான், ஒரு கிட்டார், ஒரு பியானோ, அவ்வளவுதான். ஸ்டுடியோ ஆல்பத்துல அவங்க தன் குரலையே அடுக்கடுக்கா பதிவு பண்ணி ஒரு கோரஸே உண்டாக்குவாங்க, 'தி டோனர்' கேட்டவங்களுக்குத் தெரியும், எட்டு நிமிஷத்துக்கு மேல போற பாட்டு, 'கீரியே எலேய்சோன்' (ஆண்டவரே இரங்கும்)னு சர்ச் ஜெபம் வர்ற இடத்துல எத்தனை ஜூடி பாடறாங்கன்னு எண்ணவே முடியாது. ஹார்ட் ஃபுட்டுக்கு ஆர்கெஸ்ட்ரா முழுக்க அவங்களே எழுதி அவங்களே கண்டக்ட் பண்ணது, 1973ல ஒரு பாப் பாடகிக்கு அது சாதாரண விஷயமே இல்ல. மேற்கத்திய செவ்வியல் இசை மேதை பாக், சோல் பாடகர் ரே சார்ல்ஸ், பழைய கிரேக்கக் கணித மேதை பைத்தகரஸ், இந்த மூணு பேரும்தான் தன்னை பாதிச்சவங்கன்னு சொல்வாங்க, கேட்டா சும்மா விடற மாதிரி இருக்கும், ஆனா லண்டன் பதிவுல எல்லா அலங்காரமும் போனப்புறம் அது உண்மைன்னு காதுக்குத் தெரியுது.

'தி கிஸ்' எடுத்துக்கங்க. ஆல்பத்துல வயலின் எல்லாம் மேல ஏறி வந்து மூடிடும், கேட்கறவன் அழகுல மயங்கி கீழ என்ன நடக்குதுன்னே கவனிக்க மாட்டான். இங்க பியானோ மட்டும். அந்த இடது கைய மட்டும் பிடிச்சுக்கிட்டு கேளுங்க, அது குரலுக்கு சும்மா தாளம் போடல, தனியா ஒரு மெட்டு போட்டுக்கிட்டு நடக்குது, குரல் மேல ஏறறப்ப அது கீழ இறங்கி வழி விடுது, மறுபடி ரெண்டும் ஒரு இடத்துல வந்து சேரறப்ப அந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டு) நாம எதிர்பார்த்தது இல்ல. பாக் வேலை அதுதான. குரல்ல நடுக்கம் கிடையாது, நேரா கோடு போட்ட மாதிரி பாடுவாங்க, உணர்ச்சிய பிழிஞ்சு காட்டவே மாட்டாங்க. அதனாலயே தாங்க முடியல. பிபிசி டிவில ஓல்ட் கிரே விசில் டெஸ்ட் நிகழ்ச்சில இதே பாட்டைப் பாடின வீடியோவும் இருக்கு, பாக்காதவங்க பாத்துடுங்க.

'என்சான்டட் ஸ்கை மெஷின்ஸ்'ல வேற கை. அது அந்த சீர்திருத்தப் பள்ளி சர்ச்ல கத்துக்கிட்ட காஸ்பல் (துள்ளலான சர்ச் பாட்டு) கை, குதிச்சுக் குதிச்சு வரும். ஒரே ஆள்தான் இது ரெண்டையும் வாசிக்கறாங்கன்னு நம்பறது கஷ்டம்.

கிட்டார் பாட்டு எனக்கு பியானோ அளவுக்கு பிடிக்கல, சொல்லிடறேன். 'தி விஜிலாண்டே' மாதிரி கவ்பாய் சாயல் பாட்டெல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனா பியானோ முன்னாடி உக்காந்ததும் இவங்க வேற லெவல்.

எங்க செட்ல நாலஞ்சு பேர் இந்தப் பேட்டிய சேர்ந்து கேட்டோம், அன்னைக்கு ராத்திரி பூரா ஜூடி பேச்சுதான். யார் எப்படி இந்தம்மா கிட்ட வந்து சேர்ந்தோம்னு பேச்சு வந்தது. ஒருத்தன் ராக் பாடகர் வாரன் ஸீவான் ரசிகன், அவர் 1995ல இந்த கிராஸ் மேக்கர் பாட்டைப் பாடியிருக்காரு, அதுல எழுதினவங்க பேரைப் பார்த்துட்டு தேடி வந்தவன். இன்னொருத்தர் எங்களை விட மூத்தவர், ஹாலிஸ் இசைத்தட்டு வெச்சிருந்தவர், 1972லயே அந்தக் குழுவும் அதே பாட்டைப் பாடிடுச்சு, பாடகி காஸ் எலியட்டும் அதே வருஷம் பாடினாங்க. டர்ட்டில்ஸ் குழு 1969லயே 'லேடி ஓ' பாடியிருக்காங்க. அதாவது மத்தவங்க வாயில பாட்டு போய்க்கிட்டேதான் இருந்திருக்கு, எழுதினவங்க பேரு மட்டும் போகல. மூத்தவர் பேட்டி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இந்தம்மா நக்கல் புடிச்ச ஆளுடா, இத்தனை வருஷமா நான் ஏதோ சாமியார்னு நினைச்சுட்டிருந்தேன்"னாரு. எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம்.

ஒருத்தி மட்டும் ஒத்துக்கல. ஏசு, சிலுவை, தேவதைன்னு ஒரே சர்ச் வாடை, எனக்கு செட் ஆகலன்னா. ஞாயமான பேச்சுதான். நானும் சாமி கும்பிடற ஆள் இல்ல, ஆனா இவங்க பாட்டுல வர்ற ஏசு பாதிரியார் காட்டற ஏசு இல்ல, சில சமயம் காதலன், சில சமயம் கவ்பாய், சில சமயம் கொள்ளைக்காரன். அந்த கிராஸ் மேக்கர் யோசனையே கிரேக்க எழுத்தாளர் கசன்ட்சாகிஸோட நாவல் படிச்சு வந்தது, அதுல ஏசு தச்சரா ரோமானியர்களுக்கு சிலுவை செஞ்சு குடுப்பாரு. அதைச் சொன்னதும் சரி இன்னொரு தடவை போடுன்னா. முழுசா மனசு மாறிட்டாள்னு சொல்ல மாட்டேன்.

ஏன் விக்கலங்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு கதை, கெஃபன் கூட சண்டைன்னு பெரிய புராணமே ஓடும், நான் அதுக்குள்ள போகல. எனக்குப் படறது வேற, இந்த மாதிரி அமைதியா உக்காந்து கேக்க வேண்டிய பாட்டை எடுத்துட்டுப் போய் அமெரிக்கால ராக் குழுக்களுக்கு முன்னாடி தொடக்க ஆட்டமா போட்டாங்க, கூட்டம் டிரம்ஸுக்காக காத்துக்கிட்டு பீர் குடிச்சுட்டு இருக்கும், நடுவுல ஒரு பொண்ணு பாக் மாதிரி ஏதோ பாடிட்டு இருந்தா யாரு கேப்பா. அது அவங்களுக்கும் சுத்தமா பிடிக்கல, வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. லண்டன்ல பிபிசி ஆளுங்க மைக்கை வெச்சுட்டு பேசாம இருந்தாங்க, ஜனங்களும் கேட்டாங்க. வித்தியாசம் இந்த சிடிலயே தெரியும்.

வாங்கறது பத்தி. புதுசு சுலபமா கிடைக்காது, நான் வெளிநாட்டுலேருந்து செகண்ட் ஹேண்ட்ல வரவழைச்சேன், வித்தவர் 'ரொம்ப நல்ல கண்டிஷன்'னு போட்டிருந்தாரு, பெட்டியத் திறந்தா கேஸ் ரெண்டா பிளந்து கிடந்தது, நல்லவேளை சிடிக்கு ஒண்ணும் ஆகல. ஆன்லைன்லயே கேட்டுக்கறேன்னா தாராளமா கேளுங்க, ஆனா வரிசைய மாத்தாம கேளுங்க, ஷஃபிள்ல போட்டா அந்தப் பேச்செல்லாம் எங்கயோ போய் எதுக்கோ ஒட்டிக்கும்.

இதுதான் உங்க முதல் ஜூடி ஆல்பமா இருக்கணுமான்னா, நான் ஆமாம்னுதான் சொல்வேன், பல பேரு திட்டுவாங்க, பரவால்ல. முதல்ல இதுல எலும்பைக் கேட்டுட்டு அப்புறம் ஹார்ட் ஃபுட் போனீங்கன்னா அந்த ஆர்கெஸ்ட்ரா எதுக்கு எங்க வருதுன்னு புரியும், நேரா அங்க போனா இனிப்பு ஜாஸ்தியா தெரியலாம். முதல் ஆல்பத்துல கிராஸ் மேக்கர் மட்டும் கிரஹாம் நாஷ் தயாரிச்சது, ரேடியோவுக்காக பண்ணதுன்னு கேட்டாலே தெரியும், இங்க இருக்கற தனி பியானோ வெர்ஷன்தான் எனக்கு ஒசத்தி. 1974ல ஆரம்பிச்சு முடிக்காம விட்ட மூணாவது ஆல்பம் 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ'வை இசைக்கலைஞர் ஜிம் ஓ'ரூர்க் மிக்ஸ் பண்ணி 2005ல வெளியிட்டாங்க, அதைக் கடைசியா வெச்சுக்கங்க, அதுல பாட்டு இருக்கு ஆனா அவங்க கைப்பட முடிச்ச வேலை இல்ல.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். அந்த ஒரு மார்க் கம்மி திரும்பத் திரும்ப வர்ற பாட்டுக்கு இல்ல, பேட்டி இன்னும் கொஞ்சம் நீளமா இல்லாம போனதுக்கு.