கண் கட்டிப் பிரிவு: வைத்தியம் நன்று, காத்திருப்பு கொடுமை

அப்பாவின் கருவிழி ஓரத்தில் ஜெல்லி மாதிரி ஒரு தடிப்பு. முன்பு காட்டிய இடத்தில் சதை வளர்ச்சி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த மருத்துவமனையின் கண் கட்டிப் பிரிவில் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தார்கள், பிறகு கண்ணைத் தொடாமலே, ஒளியால் அதன் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன். டாக்டர் திரையில் காட்டியது எனக்கே புரிந்தது: மேல்தோல் தடித்து வெளுப்பாக மின்னுகிறது, பக்கத்திலுள்ள மெல்லிய நல்ல தோலுக்குச் சட்டென்று மாறுகிறது. வெறும் சதை வளர்ச்சி என்றால் தடிப்பு அந்தத் தோலுக்குக் கீழே இருக்குமாம். "இது செதிள் செல் கட்டிங்க" என்றார் அந்தம்மா, சுற்றி வளைக்காமல். அதாவது கண்ணின் மேல்தோல் செல்களில் வரும், புற்றுநோய் வகையைச் சேர்ந்த கட்டி.

வெட்டுவதா, மருந்தா என்று எங்களையும் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. வெட்டினால் சுற்றிலும் 4 மி.மீ. வரை நல்ல பகுதியையும் சேர்த்தெடுத்து, ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைப்பார்களாம். அப்பாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். அதனால் 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் சொட்டு மருந்து: 1 சதவீதம், தினம் 4 வேளை, ஒரு வாரம் போட்டு, மூன்று வாரம் ஓய்வு, மறுபடி அதே சுற்று. எரிச்சலில் எனக்குத்தான் திட்டு! ஆனால் கட்டி கரைந்துவிட்டது.

டோக்கன் முறை மகா மோசம்; காலையில் போனால் அரை நாள் போச்சு. கட்டி திரும்ப வரலாம் என்பதால் மறுபரிசோதனைக்கு இன்னும் இங்கேதான் போகிறோம்.