ஓநாயின் பல்லைப் பிடுங்கிய புத்தகம்

போன ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். வெளிநாட்டுத் தேவதைக் கதைகளை நம்ம ஊர்ப் பக்கம் நடப்பதாக மாற்றி எழுதிய சிறுவர் தொகுப்பு, 6 கதை, 180 ரூபாய். திட்டவும் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதல் கதை சிவப்புத் தொப்பிக்காரி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வழியாகப் பாட்டிக்குச் சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) கொண்டு போகிறாள், ஓநாய் வருகிறது, சரி, இனிமேல்தான் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் ஓநாய் சைவமாம், மன்னிப்புக் கேட்டுவிட்டு அதுவும் ரெண்டு வாய் சந்தகை சாப்பிடுகிறது, முடிந்தது. என் மகளுக்கு 8 வயது. "அப்பறம் எதுக்குங்ப்பா அது வந்துச்சு?" என்றாள்.

மாற்றுவது தப்பில்லை. 1697-ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியதில் ஓநாய் அவளைத் தின்றதோடு கதை முடிந்துவிடும். 1812-ல் வந்த ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் புத்தகத்தில் வேட்டைக்காரன் ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறான், அப்புறம் வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்த பெற்ற தாயை 1819 பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கியதும் அதே சகோதரர்கள்தான். ஆனால் பயத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துக் கொங்கு நாட்டு அண்ணமார் கதை சொல்லும்போது பொன்னரும் சங்கரும் சாகிற இடத்தை ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. நாங்கள் அழுது முடித்த பிறகுதான் தங்கச்சி தங்காள் வந்து அண்ணன்மாரை எழுப்புவாள்.

அம்மிச்சி என்றதும் ஞாபகம் வருகிறது, பொள்ளாச்சியில் கதை நடக்கிறது, பிள்ளைகள் பேசுவதோ டிவி செய்தி வாசிப்பது மாதிரி. ஒரு இடத்தில்கூட 'ங்க' இல்லை.

சிண்ட்ரெல்லா கதை மட்டும் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண். விருந்து, இளவரசன் ஒன்றும் கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்தவள் தலையில் ஒட்டியிருக்கிற பஞ்சை, அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மாற்றாந்தாய் மகள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறாள், ரெண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. என் வீட்டம்மாவும் அப்படிப் பஞ்சுத் தலையோடுதான் வீடு வருவார். அந்தப் பக்கத்தை மகள் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

பைண்டிங் மட்டம், ரெண்டாவது வாரமே நடுப்பக்கம் கையோடு வந்துவிட்டது. இருந்தாலும் அந்த ஒரு கதைக்காக வாங்கலாம். ஓநாய்க் கதையை மட்டும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், கல்லை மறக்காமல்.